மரக் கேம்பர் டிரெய்லர்: டெல்டா ஈரக்காற்றில் எப்பாக்சி, வார்னிஷ் எப்போது, எப்படி?

பாமணியாறு, மன்னார்குடி

வணக்கம். காரில் கட்டி இழுக்க, இருவர் படுக்கும் அளவில் சின்ன கேம்பர் டிரெய்லர் ஒன்று மரத்தில் தயாராகிறது. 8 அடி நீளம், 5 அடி அகலம், 4 அடி உயரம். முன்பக்கம் உருண்டு பின்னால் சரியும் கண்ணீர்த்துளி வடிவம். பக்கச்சுவர் 9 மி.மீ. மரைன் பிளை, ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறது. கூரை 4 மி.மீ. பிளை இரண்டு அடுக்கு, வளைத்து ஒட்டியாகிவிட்டது. ஓரச்சட்டமும் கதவுச்சட்டமும் பழைய வீட்டுத் தேக்கு. அடியிலுள்ள இரும்புச் சட்டம் கால்வனைஸ் ஆகி வந்துவிட்டது. மரத்தில் இன்னும் ஒரு சொட்டுப் பூச்சு படவில்லை. மேலே தகரம் போட்ட, மூன்று பக்கம் திறந்த கொட்டகையில் நிற்கிறது.

வெளியே மர ரேகை தெரிய வேண்டும். உள்ளூரில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி ஒட்டுகிற ஜிபி ரெசினும் கண்ணாடி இழை மேட்டும் போதும் என்கிறார் ஒருவர். தச்சர் மெலமைன் பாலிஷ் அடித்தால் கண்ணாடி மாதிரி இருக்கும் என்கிறார். எப்பாக்சிதான் சரி என்றால் எந்த வகை, மொத்தம் எத்தனை கிலோ? எப்பாக்சி மேல் வார்னிஷ் காயாமல் பிசுபிசுவென்று நிற்கும் என்று படித்தேன், அது உண்மையா? இப்போது புரட்டாசி. ஐப்பசி அடைமழைக்குள் வேலையை முடித்துவிட முடியுமா, இல்லை பங்குனி வரை தள்ளிப்போடணுமா?


குடமுருட்டி

முதலில் வேண்டாதவற்றைக் கழித்துவிடுவோம். மெலமைன் வீட்டுக்குள் இருக்கிற மேசை, அலமாரிக்கு. வெயிலும் மழையும் படும் இடத்தில் அது வெடித்து உரியும். ஜிபி ரெசின் என்பது பாலியெஸ்டர். கண்ணாடி இழை மேல் நன்றாகப் பிடிக்கும், மரத்தின் மேல் பிடிப்பு குறைவு. ஒரு திருகாணித் துளை வழியே தண்ணீர் உள்ளே போய்விட்டால் மொத்த ஏடும் தோல் மாதிரி கழன்று வரும், அடியில் பிளை கறுத்திருக்கும். தொட்டிக்கு அது நல்ல பொருள், மரத்துக்கு எப்பாக்சிதான்.

மேட்டையும் வாங்காதீர்கள். நறுக்கிய இழை மேட்டைக் கட்டி வைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்தது. எப்பாக்சியில் அது கரையாது, மேட் விறைப்பாகவே நிற்கும், வெள்ளையாகத் தெரியும், ரெசினையும் அளவில்லாமல் குடிக்கும். உங்களுக்குத் தேவை நெய்த இ-கிளாஸ் கண்ணாடித் துணி, சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை. எப்பாக்சியோடு சேரும் பூச்சு கொண்ட துணியா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். இந்த எடைத் துணி சரியாக நனைந்தால் கண்ணுக்கே தெரியாது, மர ரேகை அப்படியே இருக்கும். 300 கிராமுக்கு மேல் போனால் வெயிலில் நெசவு லேசாகத் தெரியத் தொடங்கும்.

கணக்கு இப்படி வரும். உங்கள் அளவுக்கு இரண்டு பக்கச்சுவரும் கூரை வளைவும் சேர்ந்து வெளிப்பரப்பு சுமார் 10.5 சதுர மீட்டர். மரத்தை அடைக்கும் முதல் கோட்டுக்கு ச.மீட்டருக்கு 120 கிராம், துணி நனைய 250, நெசவை நிரப்ப இரண்டு கோட்டுக்கு 220 முதல் 240. ஆக 600 கிராம், மொத்தம் 6.3 கிலோ. தரைப்பலகையின் அடிப்பக்கம் 3.7 ச.மீ., துணி இல்லாமல் மூன்று கோட், 1.3 கிலோ. உள்பக்கம் முழுக்க ஒரு கோட், 1.4 கிலோ. விளிம்பு, மூலைப் பட்டி, துளைகள் அடைக்க முக்கால் கிலோ. கப்பிலும் ரோலரிலும் வீணாவதையும் சேர்த்து 11 கிலோ என்று வையுங்கள். இது ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் சேர்ந்த எடை. துணி 1 மீட்டர் அகலத்தில் 13 மீட்டர் வேண்டும்.

உள்பக்க ஒரு கோட்டை விட்டுவிடாதீர்கள். வெளியே மட்டும் அடைத்து உள்ளே திறந்துவிட்டால், படுத்திருப்பவர்கள் மூச்சுக்காற்றின் ஈரமே போதும், 9 மி.மீ. பலகை ஒரு பக்கமாக உப்பும்.

ரேகை ஆசையைப் பக்கச்சுவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூரைக்கு வெள்ளைப் பெயின்ட். சாதாரணக் காற்றில் இறுகும் எப்பாக்சி 50–60 டிகிரி சூட்டில் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் அடர்நிறக் கூரை 70 டிகிரியைத் தாண்டும். அப்போது நெசவு மேலே தெரியும், 4 மி.மீ. பிளை வளைவில் உள்ள இழுவிசைக்கு ஒட்டு மெல்ல நழுவவும் செய்யும். இதே காரணத்துக்காகப் பக்கச்சுவருக்கு ரோஸ்வுட் ஸ்டெயின் அடிக்கும் எண்ணம் இருந்தாலும் கைவிடுங்கள். எண்ணெய் ஸ்டெயின் என்றால் எப்பாக்சியின் பிடிப்பும் போய்விடும்.


நாகைத்துறை

தம்பி, மேல சொன்ன கணக்கு சரி. துணி போடுற முறையை நான் சொல்றேன். இந்தப் பக்கம் வள்ளம் எல்லாம் பாலியெஸ்டர்லதான் ஓடுது, ஆனா அது மரப் பலகை மேல ஒட்டுனது இல்ல, அச்சுல வார்த்தது. அதப் பாத்துட்டு மரத்துக்கும் அதே போதும்னு சொல்றாங்க.

மொதல்ல ஈரம் பாருங்க. ஊசி வச்ச ஈரமானி வாங்கிக்கோங்க. தேக்குச் சட்டத்துல 12 சதவீதத்துக்குள்ள இருந்தா நல்லது, 15 தாண்டுனா பூச்ச ஆரம்பிக்காதீங்க. ஈரத்த உள்ள வச்சு எப்பாக்சி அடிச்சா அது வெளியே போக வழியில்லாம உள்ளுக்குள்ளயே மரத்த உளுக்க வச்சிரும். பழைய வீட்டுத் தேக்குன்னா மேல எண்ணெய், பாலிஷ், மெழுகு எல்லாம் ஊறியிருக்கும். இழைச்சு புது மரம் தெரியணும். அப்புறம் 80 நம்பர் உப்புத்தாள், அசிட்டோன்ல நனைச்ச வெள்ளத் துணியால ஒரு தொடப்பு. துணி மஞ்சளாகாம வர்ற வரைக்கும் தொடைங்க. ஆவியானதும் உடனே மொதக் கோட். நாள் கழிச்சா தேக்கு எண்ணெய் திரும்ப மேல வந்துரும்.

கூரையும் பக்கச்சுவரும் சேர்ற மூலை கூர்மையா இருக்கக் கூடாது. குறைஞ்சது 6 மி.மீ. வட்டத்துக்கு உருட்டுங்க, கண்ணாடித் துணி அதுக்குக் கீழ மடங்காது, தூக்கிக்கிட்டு உள்ள காத்து நிக்கும். பக்கத்துணி கூரை மேல 3 அங்குலம் ஏறணும், கூரைத்துணி பக்கத்துல 3 அங்குலம் இறங்கணும். பக்கச்சுவர் செங்குத்தா இருக்கறதால ரெசின ஊத்தித் தள்ள முடியாது. மொதக் கோட் அடிச்சு, விரல் வச்சா ஒட்டும், ஆனா விரலோட வராதுங்கற பதம் வந்ததும் துணியப் பிடிச்சு மேலிருந்து கீழ விரிங்க. அதுவே தாங்கிக்கும். மேல ரோலர்ல ரெசின் குடுங்க. அஞ்சு பத்து நிமிஷம் ஊறவிட்டு, பட்டித் தகட்டப் படுக்க வச்சு நடுவுலேர்ந்து ஓரத்துக்கு இழுங்க. வெள்ளப் புள்ளி தெரிஞ்சா ரெசின் பத்தல. பளபளன்னு குளமா நின்னா துணி மெதக்குது, அதிகமானத வழிச்சு எடுத்துருங்க. நெசவோட சொரசொரப்பு கையில தெரியணும், அதான் சரி. அதை அடுத்த ரெண்டு கோட்ல நிரப்பிக்கலாம்.

ஓரத்துல தொங்குற துணிய முழுசா காயவிட்டு அறுக்காதீங்க. நாலஞ்சு மணி நேரத்துல ரப்பர் மாதிரி இருக்கும்போது பிளேடு போட்டா சுத்தமா வரும்.

இப்ப முக்கியமான விஷயம். பிளை கெட்டுப்போறது முகப்புலேர்ந்து இல்ல, வெட்டு விளிம்புலேர்ந்து. ஜன்னல் வெட்டு, கதவு வெட்டு, அடி விளிம்பு எல்லாத்துக்கும் மொதல்ல வெறும் எப்பாக்சி. குடிச்சிரும், அரை மணி கழிச்சு திரும்பக் குடுங்க, அதுவும் குடிச்சிரும், மூணாவது தடவை சலிச்ச மரத்தூளும் கொஞ்சம் ஏரோசிலும் (மாவு மாதிரி சிலிக்காத் தூள்) கலந்து கெட்டியா பூசுங்க. கீல், கொண்டி, விளக்கு மாட்டுற ஒவ்வொரு துளையும் இப்படித்தான்: 5 மி.மீ. திருகாணிக்கு 10 மி.மீ. துளை போடுங்க, பின்பக்கம் டேப் ஒட்டுங்க, கெட்டி எப்பாக்சியால நிரப்புங்க, மறுநாள் அதுக்குள்ள சின்னத் துளை போட்டுத் திருகுங்க. அப்ப ஆணி மரத்தத் தொடவே தொடாது. மாசக்கணக்கா கண்ணாடி மாதிரி தேய்ச்ச பூச்சு, ஒரு நம்பர் பிளேட் ஆணியால வீணாப் போகும்.

ஜன்னல் சட்டத்துக்கு பியூட்டைல் டேப் போடுங்க. புளிப்பு வாடை அடிக்குற சிலிக்கான வேலை நடக்குற கொட்டகைக்குள்ளயே கொண்டு வராதீங்க. அது பட்ட இடத்துல வார்னிஷ் ஒதுங்கி ஒதுங்கி மீன்கண்ணு மாதிரி குழி விழும், தேய்ச்சாலும் போகாது.


பாமணியாறு

அண்ணே, சார், இருவருக்கும் நன்றி. திருச்சியில் விசாரித்ததில் லேபாக்ஸ் எல்-12, கே-6 கிடைக்கிறது. இன்னொரு கடையில் மேசை மேல் ஊற்றுகிற 2:1 ரெசின் இருக்கிறது. எல்-12 வாங்கிவிடலாமா? இன்னொன்று, இங்கே காலையில் பனி, மதியம் 34 டிகிரி, சாயங்காலம் மேகம். ஒரு நாளில் எந்த நேரம்?


குடமுருட்டி

எல்-12 ரெசினில் குறையில்லை, யோசிக்க வேண்டியது ஹார்டனரைத்தான். கே-6 என்பது டெட்டா (ட்ரைஎத்திலீன் டெட்ராமின்) வகை அமீன், 100 கிராம் ரெசினுக்கு 10 கிராம். அரால்டைட் எல்ஒய்556, எச்ஒய்951 ஜோடியும் இதே கணக்குதான். கல்லூரிச் சோதனைக்கூடங்களில் குளிரூட்டிய அறையில் பயன்படுத்த நல்லது. டெல்டாவில் கொட்டகையில் அடிக்க இரண்டு தொல்லை.

ஒன்று, அளவுப் பிழை. 50 கிராம் ரெசினுக்கு 5 கிராம் ஹார்டனர். சமையலறைத் தராசு 1 கிராம் தவறினால் அது 20 சதவீதப் பிழை. 100:40, 100:50 வகைகளில் அதே 1 கிராம் ஒரு பொருட்டே இல்லை. கே-6 தான் கிடைக்கும் என்றால் 0.1 கிராம் காட்டும் தராசு கட்டாயம்.

இரண்டாவது, பிளஷ் எனப்படும் மெழுகுப் படலம். சிறிய மூலக்கூறு அமீன்கள் காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் வினைபுரிந்து மேலே ஒரு வழவழப்பான படலம் விடும். டெட்டாவுக்கு இந்தக் குணம் அதிகம். அந்தப் படலத்தின் மேல் அடுத்த கோட் பிடிக்காது, வார்னிஷும் காயாது. ‘எப்பாக்சி மேல் வார்னிஷ் காயாது’ என்று நீங்கள் படித்ததில் பாதிக் கதை இதுதான். சைக்ளோஅலிஃபாடிக் அமீன் அல்லது பாலியீதர் அமீன் ஹார்டனர் கேளுங்கள். வாங்கும்போது ‘ஈரக்காற்றில் பிளஷ் வராத, நடுத்தர வேகத்தில் இறுகும் ஹார்டனர்’ என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். மேசை ரெசின் பெரும்பாலும் இந்த வகைதான், ஈரத்தைத் தாங்கும். ஆனால் இளகும் சூடு குறைவாக இருக்கக்கூடும், தகவல் தாளில் அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அதில் 2:1 என்று போட்டிருப்பது பெரும்பாலும் கன அளவு. எடைக்கு மாற்றினால் 100:42 பக்கம் வரும். கன அளவு விகிதத்தை எடையில் அளந்து கெடுப்பதுதான் அந்த ரெசினில் அடிக்கடி நடக்கும் தவறு.

இப்போது நேரம். இரண்டு விதிகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. மரம் சூடேறும்போது அதன் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும், பூச்சில் குமிழி விழும். ஆகவே மரம் ஆறிக்கொண்டிருக்கும் நேரத்தில் முதல் கோட் அடிக்க வேண்டும். குளிர்நாட்டுப் புத்தகங்கள் அதற்காக மாலையில் அடிக்கச் சொல்லும். இங்கே மாலையில் அடித்தால் இறுகும் முன் பனி இறங்கிவிடும்.

ஈரத்தை எண்ணிலேயே பாருங்கள். 34 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் சூடு, 22 டிகிரி. 12 டிகிரி இடைவெளி, கவலையில்லை. 30 டிகிரி, 80 சதவீதம் என்றால் பனிநிலை 26, இடைவெளி 4 தான். விடியற்காலை 24 டிகிரி, 92 சதவீதத்தில் ஒன்றரை டிகிரிகூட இல்லை. மரத்தின் மேற்பரப்பு பனிநிலையை விடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும், பூசும்போது மட்டுமல்ல, இறுகும் வரைக்கும். கைபேசி வானிலைச் செயலியில் பனிநிலை இருக்கும், மரத்தின் சூட்டுக்கு ஒரு அகச்சிவப்பு வெப்பமானி போதும்.

முட்டலுக்குத் தீர்வு டிரெய்லரின் சக்கரத்திலேயே இருக்கிறது. காலை 8 மணிக்கு வெயிலில் தள்ளி நிறுத்துங்கள், பனி காய்ந்து மரம் சூடேறட்டும். 11 மணிக்குக் கொட்டகை நிழலுக்குள் இழுங்கள். கால் மணி கழித்துப் பூசத் தொடங்குங்கள். மரம் ஆறுகிறது, ஆகவே குமிழி இல்லை. வெளிக்காற்று உலர்ந்த நேரம், ஆகவே படலம் இல்லை. நடுத்தர ஹார்டனர் 3 மணி நேரத்தில் கூழ்ப்பதம் வரும், 6 மணிக்குப் பனி இறங்கும் முன் தொட்டால் ஒட்டாது. மதியம் 1 மணிக்கு மேல் புதுக் கலவை கலக்க வேண்டாம்.

மூன்று பக்கமும் தார்ப்பாய் தொங்கவிட்டு, இரவில் உள்ளே இரண்டு 200 வாட் குண்டு பல்பு எரியவிட்டால் உள்காற்று சில டிகிரி கூடி ஈரப்பதம் இறங்கும். தார்ப்பாயும் மரமும் பல்பிலிருந்து மூன்று அடி தள்ளி இருக்கட்டும். கேஸ் அடுப்போ கரியடுப்போ வைத்துச் சூடேற்ற வேண்டாம். எரியும் எதுவும் நீராவியும் கரியமில வாயுவும்தான் விடும், நாம் தவிர்க்கப் பார்க்கும் இரண்டும் அவைதான்.

34 டிகிரியில் ஒரு தடவைக்கு 250 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேலைநேரம் பாதியாகும், அதோடு கப்பில் குவிந்திருக்கும் ரெசின் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். கலந்ததும் அகலத் தட்டில் ஊற்றிவிட்டால் நேரம் நீளும். 3 நிமிடம் ஓரமும் அடியும் வழித்துக் கலக்கி, வேறு கப்புக்கு மாற்றி மறுபடி ஒரு நிமிடம். முதல் கப்பின் சுவரில் ஒட்டியிருக்கும் கலக்காத ரெசின்தான் பூச்சில் அங்கங்கே இறுகாத திட்டாக நிற்கும்.


கிளியர்கோட், தஞ்சை

வார்னிஷ் கேள்விக்கு நான் வருகிறேன். எப்பாக்சி தண்ணீரைத் தடுக்கும், சூரியனின் புற ஊதாவைத் தாங்காது. வெறுமனே விட்டால் மஞ்சளாகி, பின் சுண்ணாம்பு போலப் பொடியும். மேலே போடுவது மினுமினுப்புக்கு அல்ல, எப்பாக்சிக்குக் குடை பிடிக்க.

இரண்டு வழி. ஒன்று, ஒரே டப்பாவில் வரும் எண்ணெய்–ஆல்கிட் ஸ்பார் அல்லது மரைன் வார்னிஷ். இது காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக் காய்வது, அதில் கோபால்ட் போன்ற உலர்த்திகள் இருக்கும். எப்பாக்சியில் வினைபுரியாமல் மிஞ்சிய அமீன் அந்த உலர்த்திகளைச் செயலிழக்கச் செய்யும். நீங்கள் படித்ததன் மறுபாதி இதுதான். எப்பாக்சி முழுதாக இறுகிய பிறகு, குறைந்தது ஒரு வாரமோ பத்து நாளோ விட்டு, கழுவித் தேய்த்து, ஒரு மூலையில் சோதித்து, 24 மணியில் காய்ந்தால் மட்டும் தொடருங்கள். முதல் கோட்டில் 10 முதல் 15 சதவீதம் டர்ப்பன்டைன், மற்றவை அப்படியே. ஆறு கோட், நாளுக்கு ஒன்று, இடையிடையே 320 தாள். பக்கச்சுவர் இரண்டுக்கும் சட்டங்களுக்கும் 3 லிட்டர் பிடிக்கும். கூரைக்கு வெள்ளை 2கே பியூ (ஹார்டனர் கலந்து அடிக்கும் பாலியூரிதேன்) பெயின்ட் ஒன்றரை லிட்டர்.

இரண்டாவது, 2கே பியூ கிளியர். கார் பட்டறைகளில் அடிக்கிற அக்ரிலிக் கிளியர் இந்த வகைதான், தஞ்சை, கும்பகோணம் எங்கும் கிடைக்கும். மூன்று கோட் போதும், எப்பாக்சியில் மிஞ்சிய அமீனால் தொல்லையில்லை. மரச்சாமான் பியூ வாங்கினால் டப்பாவில் ‘எக்ஸ்டீரியர்’ என்று இருக்கிறதா பாருங்கள். உட்புற வகைகளில் பலவற்றின் ஹார்டனர் அரோமாடிக், அது வெயிலில் தானே மஞ்சளாகும். அலிஃபாடிக் ஹார்டனர்தான் வேண்டும். தின்னரும் பியூ தின்னரே. என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் ஆல்கஹாலும் ஈரமும் உண்டு, இரண்டும் ஹார்டனரைத் தின்றுவிடும். விளைவு, மேலே பால்நிறம், உள்ளே குண்டூசித் துளை. ஹார்டனர் டப்பாவைத் திறந்த கையோடு மூடுங்கள், டெல்டாக் காற்றில் ஒரு மழைக்காலம் அரைகுறையாகத் திறந்திருந்தால் கூழாகிவிடும்.

ஸ்பிரே செய்வதானால் யோசித்துச் செய்யுங்கள். ஐசோசயனேட் மூடுபனி நுரையீரலைப் பாதிக்கும், ஆஸ்துமா வரும். துணி மாஸ்க்கால் ஒரு பயனும் இல்லை, வெளிக்காற்று தரும் முகமூடி உள்ள பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்வது மேல். வீட்டில் செய்தால் நுரை ரோலரும் பிரஷ்ஷும், கூடவே கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் நைட்ரைல் கையுறையும்.


நாகைத்துறை

ரேகை தெரியணும்னா 2கே நல்லாத்தான் இருக்கும், ஒத்துக்குறேன். ஆனா கிளை ஒரசி ஒரு கீறல் விழுந்து தண்ணி உள்ள போனா அத ஒட்டுப்போடுறது கஷ்டம், ஓரம் தெரியும். ஸ்பார் வார்னிஷ்னா 320 தாள் போட்டு ரெண்டு கோட் குடுத்தா கலந்துரும். வயக்காட்டு வரப்புச் சாலையில கருவேல முள்ளுக்கு நடுவுல போற வண்டிக்கு ஸ்பார்தான்னு என் கணக்கு.


கிளியர்கோட், தஞ்சை

அதுவும் நியாயம்தான். ஸ்பார் போட்டால் வருடம் ஒருமுறை பங்குனியில் இரண்டு கோட் கொடுத்தே ஆக வேண்டும். 2கே நல்ல தடிமனில் இருந்தால் அதைவிடக் கூடுதல் காலம் தாங்கும். வேளாங்கண்ணி, கோடியக்கரை என்று கடலோரம் நிறுத்துகிற வண்டியானால் எது போட்டாலும் ஊர் திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், மறுகோட்டுக்கு முன்பும் கட்டாயம் கழுவுங்கள். உப்பு மேல் அடித்த கோட் கொப்புளித்து வரும்.


பாமணியாறு

ஒரு பிளைத் துண்டில் சோதனை செய்து பார்த்தேன். 2:1 ரெசின், எடைக்கு மாற்றிய அளவு. மறுநாள் நகம் பதியவில்லை, ஆனால் மேலே கை வைத்தால் சோப்பு போட்ட மாதிரி வழுக்குகிறது. உப்புத்தாள் போட்டால் தாளில் வெள்ளையாக அப்பிக்கொள்கிறது. துணி போட்ட பகுதியில் ஓரிடம் மட்டும் பால்நிறம். இது கலவைப் பிழையா?


குடமுருட்டி

நகம் பதியவில்லை என்றால் கலவை சரி. கலவை தவறினால் ரப்பராகவோ பிசினாகவோ நிற்கும், அதை மேலே ஹார்டனர் தடவிக் காப்பாற்ற முடியாது, சுரண்டித்தான் எடுக்கணும். உங்களுடையது அந்த மெழுகுப் படலமேதான். படலம் வராது என்று விற்கும் ஹார்டனரும் ஈரம் மிகுந்தால் கொஞ்சம் விடும்.

உப்புத்தாளை நிறுத்துங்கள். தேய்த்தால் படலம் கீறல்களுக்குள் போய் உட்காரும். தின்னரும் வேண்டாம், அது கரைப்பதற்குப் பதில் பரப்பும். அது தண்ணீரில் கரையும் பொருள். வெதுவெதுப்பான நல்ல தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பர், லேசான அழுத்தம். காயும் முன் வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள், தானாகக் காயவிட்டால் கரைந்தது அங்கேயே திரும்பப் படியும். இரண்டு முறை செய்து, ஈரவிரல் வழுக்கவில்லை என்றால் காயவிட்டு 120 தாள் போடுங்கள். இப்போது தூள் உதிரியாக வரும். பனி இறங்கிய இரவுக்குப் பிறகு, மறுகோட் அடிக்கும் கெடு (தேய்க்காமலே அடுத்த கோட் பிடிக்கும் நேரம்) தாண்டாவிட்டாலும் கழுவிவிட்டே அடுத்த கோட்.

பால்நிறம் துணியில் இருந்த ஈரம். கண்ணாடித் துணியைப் பிளாஸ்டிக் பையில் மூடி வையுங்கள், போடும் அன்று காலை இரண்டு மணி நேரம் வெயிலில் விரித்து, சூட்டோடு போடுங்கள். தரையில் வைத்த சுருளை அப்படியே எடுத்துப் போட்டால் இதுதான் வரும். துண்டில் வந்தது நல்லதாகப் போயிற்று. சுவரில் வந்திருந்தால் அந்த இடத்தைத் தேய்த்து எடுத்து ஒட்டுத்துணி போட வேண்டியிருக்கும்.

புரட்டாசிக் கேள்விக்கு என் பதில்: வேலையை இரண்டாகப் பிரியுங்கள். எப்பாக்சியையும் துணியையும் இப்போதே முடியுங்கள், மரம் இப்போது இருக்கும் அளவுக்கு மார்கழியில் உலர்ந்திருக்காது. அடைமழை முழுக்க வண்டி கொட்டகை நிழலிலேயே இருப்பதால் புற ஊதாவுக்குப் பயமில்லை. வார்னிஷ் பங்குனியில். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், அந்த இரண்டு மாதமும் ஈர வார்னிஷின் மினுக்கு ஓரிரவில் மங்கிப்போகும். அதற்குள் எப்பாக்சியும் முழுதாக இறுகியிருக்கும், ஸ்பார் வார்னிஷ் காயாத தொல்லையும் தானாகத் தீரும். ஒன்று மட்டும் செய்யுங்கள்: மாசிக் கடைசியில் கறுப்புத் தார்ப்பாய் போர்த்தி மூன்று நாலு நாள் வெயிலில் நிறுத்துங்கள். எப்பாக்சி இன்னும் கொஞ்சம் இறுகும், நெசவு மேலே தெரிவதானால் இப்போதே தெரிந்துவிடும். அதன் பிறகு கழுவி, 180, 220 என்று தேய்த்து வார்னிஷுக்குப் போங்கள். தேய்க்கும்போது துணி இழை வெளியே வந்துவிட்டால் அந்த இடத்துக்கு இன்னொரு எப்பாக்சி கோட். இழை வழியே ஈரம் உள்ளே ஊரும்.


நாகைத்துறை

சம்பா அறுப்பு எப்ப முடியுதுன்னு பாத்துட்டு வார்னிஷ ஆரம்பிங்க தம்பி. பக்கத்துல நெல்லு தூத்துனா சுணை எல்லாம் பூச்சுலதான் வந்து உக்காரும். தரையில தண்ணி தெளிச்சுட்டு, காலைல பனி காஞ்சு 9 மணிக்கு ஆரம்பிச்சு 12 மணிக்குள்ள முடிங்க, சாயங்காலப் பனிக்கு முன்னாடி தூசு ஒட்டாத அளவுக்குக் காஞ்சிரும். ராத்திரி அன்னைக்கு மட்டும் கொட்டகை விளக்கைப் போடாதீங்க, பூச்சி வந்து ஒட்டிக்கும்.

அடிப்பலகைக்கு வார்னிஷ் வேஸ்ட், அங்க வெயில் இல்ல. மூணு கோட் எப்பாக்சி மேல காருக்கு அடிக்குற ரப்பர் அண்டர்கோட்டிங் போடுங்க. இரும்புச் சட்டத்துல பலகை உக்கார்ற இடத்துல 3 மி.மீ. ரப்பர் பட்டை வைங்க, இல்லன்னா அந்த ஒரு கோட்டுல சேறும் தண்ணியும் தங்கும்.


மட்டுறுத்துநர்

டிரெய்லர் பதிவு, ஆர்டிஓ தொடர்பாக வந்த மூன்று பதிவுகளைச் சட்டப் பிரிவுக்கு மாற்றியுள்ளோம். இழுத்துச் செல்லும் டிரெய்லரும் சட்டப்படி தனி வாகனம், அதை அங்கே பேசுங்கள்.


பாமணியாறு

கடைசியாக ஒன்று. ஸ்பார் தான் என்று முடிவு செய்திருக்கிறேன். மறுகோட் அடிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? மினுக்குப் போனதும் அடித்தால் போதுமா?


கிளியர்கோட், தஞ்சை

மினுக்குப் போவது முதல் எச்சரிக்கை, அப்போது அடித்தால் 320 தாளும் இரண்டு கோட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். தெற்கும் மேற்கும் பார்த்து நிற்கும் பக்கத்தைத்தான் முதலில் பாருங்கள். தண்ணீர் தெளித்தால் முத்தாக நிற்காமல் படர்ந்தால் இனி தள்ளக் கூடாது. மஞ்சள் திட்டோ, நகத்தில் உரியும் செதிலோ தெரிந்தால் வெயில் வார்னிஷைத் தாண்டி எப்பாக்சியைத் தொட்டுவிட்டது. அதன் மேல் புதுக் கோட் அடித்தால் அதையும் சேர்த்துக்கொண்டு உரியும். கெட்ட எப்பாக்சி போய் உறுதியான அடுக்கு தெரியும் வரை 120 தாளில் தேய்த்து, ஒரு கோட் எப்பாக்சி, ஒரு வாரம் காத்திருப்பு, மறுபடி ஆறு கோட் வார்னிஷ். பக்கத்துக்கு 2.6 ச.மீட்டர் என்பதால் கெட்ட பக்கத்தை மட்டும் செய்தாலும் போதும், மற்றப் பக்கத்தைத் தொட வேண்டியதில்லை.